ஜிப்பக்காவின் பின் வளையம்

அந்த ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், துணி வெளுக்கும் அறைக்கும் கொதிகலன் அறைக்கும் நடுவே, ஜன்னல் இல்லாத பட்டறை ஒன்று இருக்கிறது. கதவில் 'கருவி பழுதுபார்ப்பு' என்று எழுதியிருக்கும். அதைச் சொல்லி வழி கேட்டால் யாருக்கும் தெரியாது. "ஜிப்பக்கா ரூம் எங்க?" என்று கேட்டால் கடைநிலை ஊழியர்கூடக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விடுவார். பெயர் வந்த கதை சின்னது. பத்தொன்பது வயதில் ஜிப் தயாரிக்கும் தொழிற்சாலையில் சேர்ந்தவள், பதினேழு வருடம் அங்கே அச்சு அறையில் குப்பை கொட்டினாள். பல்லுக்கும் பல்லுக்கும் எவ்வளவு இடைவெளி, எந்தத் துணிக்கு எந்த ஜிப் என்பதெல்லாம் அவளுக்கு விரல் நுனியில். தொழிற்சாலையை இழுத்து மூடினார்கள். அவள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள், பெயரும் கூடவே வந்துவிட்டது. வாய்க்கு மட்டும் ஜிப் கிடையாது என்பது எல்லோரும் சொல்லிச் சொல்லித் தேய்ந்த கேலி.

அதில் பொய்யும் இல்லை. முனை மழுங்கிய கத்தரியோடு எந்த டாக்டர் வந்து நின்றாலும் அவளுக்கு ஒன்றுதான். "நூல் வெட்டுற கத்தரியில பிளாஸ்டர வெட்டியிருக்கீங்க. உங்க வீட்டுக் கத்தரியா இருந்தா மனசு வருமா?" என்று முகத்துக்கு நேரே கேட்பாள். டாக்டர் தலையைச் சொறிவார். மறுநாள் கத்தரி புதுசுபோல அவர் மேசைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். பேச்சு அப்படி, கை இப்படி. அதனால்தான் பிழைத்தாள்.

அவள் கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டினார். இருபத்திரண்டு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டப்பெயர் வைத்து, போகிற வழியெல்லாம் சிரிக்க வைத்துக்கொண்டே போகிற மனுஷன். ஒருநாள் வயிற்றுவலி என்று சுருண்டு விழுந்தார். உள்ளே குடல் வெடித்திருந்தது. அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தார்கள், அங்கிருந்த சர்ஜன் அம்மா உயிரைக் காப்பாற்றிவிட்டாள். ஆனால் அறுத்த குடலை அன்றைக்கே சேர்க்க முடியவில்லை. மேல் முனையை வயிற்றில் துளை போட்டு வெளியே கொண்டுவந்து ஒரு பையை மாட்டினாள். கழிவு பையில் சேரும். "ஆறு மாசம் போகட்டும், திரும்பச் சேத்துடலாம்" என்றாள்.

ஆறு மாதம் ஒரு வருடமாயிற்று. குடலின் கீழ் முனை இடுப்பெலும்புக் குழியின் அடியில் போய் ஒண்டிக்கொண்டிருந்தது. அங்கே ஊசியையும் கையையும் விட்டுத் தைப்பதற்கு இடமில்லை. காகிதத்துக்கு ஸ்டேப்ளர் அடிப்பதுபோல, வளையமாகப் பின் அடித்து இரண்டு முனைகளையும் ஒரே அழுத்தில் சேர்க்கும் கருவி ஒன்று உண்டு. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடுகிற சாமான் அது. ஆஸ்பத்திரிக்கு எப்போதாவது நாலு வரும். புற்றுநோய்க்காரர்களுக்கு முதலிடம். நியாயம்தான், யார் இல்லையென்றார்கள்? ஆனால் நியாயத்தைக் கட்டிக்கொண்டு ஒரு மனுஷன் எத்தனை நாள் வீட்டில் உட்கார்ந்திருப்பது?

பிள்ளைகள் முன்னால் பை கசிந்துவிட்டால் என்ன செய்வது என்று அவர் வேனை விட்டுவிட்டார். யார் வீட்டு விசேஷத்துக்கும் போவதில்லை. படுக்கையைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டார். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் ஒரு சாண் நகர்ந்துகொள்வார். நாற்றம் அடிக்குமோ என்ற கூச்சம். "எனக்கு ஒண்ணும் அடிக்கல, நீங்க பேசாம உக்காருங்க" என்று அவள் சத்தம் போடுவாள். அவர் இன்னொரு சாண் நகர்வார். அவளுக்கு அதுதான் தாங்கவில்லை. பையைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள், அந்த ஒரு சாணைப் பொறுக்க முடியவில்லை.

ஒருநாள் குப்பைக்குப் போகவிருந்த கருவி ஒன்றை, கொதிக்க வைத்துச் சுத்தம் செய்து தரும்படி சர்ஜன் அம்மாவிடம் கேட்டு வாங்கினாள். பட்டறையில் பிரித்துப் பரப்பினாள். தலையில் ஒரு வளையம், வளையம் நிறையப் பொடிப் பின்கள், எதிரே அவற்றை மடக்கும் குழிகள். அரை மணி நேரம் பார்த்தவள் சத்தமாகவே சொல்லிவிட்டாள்: "அடப் பாவிகளா, இது வட்டமா வளைச்ச ஜிப்பு!"

எஃகில் செய்தால் கழுவலாம், கொதிக்க வைக்கலாம், பின்னை மட்டும் மாற்றிக்கொண்டு திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். போய்ச் சொன்னாள்.

"அக்கா, ஆழம் தெரியாம கால விடாதீங்க" என்றாள் சர்ஜன் அம்மா.

"கால எங்க மேடம் விட்டேன்? கையத்தான் விடுறேன்."

சர்ஜன் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செய்து காட்டுங்கள், ஆஸ்பத்திரிக் குழுவின் முன்னால் ஒரு சோதனைக்கு ஏற்பாடு செய்கிறேன் என்றாள்.

எட்டு மாதம். வேலை முடிந்த பிறகு தினமும் இரண்டு மணி நேரம். சோதித்துப் பார்க்கக் குடல் வேண்டுமே? அதற்குக் கொழுந்தன் இருந்தான். அண்ணனுக்கு நேர் இளையவன், கறிக்கடைக்காரன். எள் என்றால் எண்ணெயாக நிற்பவன். "அண்ணி, நீங்க கேக்கவே வேண்டாம், தினம் கொண்டாந்து தர்றேன்" என்றான். சொன்னபடி தினமும் காலையில் வெள்ளை வெளேரென்று ஒரு பொட்டலம் பட்டறை வாசலுக்கு வந்துவிடும். ஜிப்பக்கா குடலை அதற்கு முன் கையால் தொட்டதில்லை. அவள் பார்த்த முதல் குடலே அந்தப் பொட்டலத்துக் குடல்தான்.

இரண்டு துண்டைச் சேர்த்துப் பின் அடிப்பாள். ஒரு முனையைக் கட்டி, மறுமுனை வழியாகக் காற்றடித்து, தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்குவாள். பஞ்சர் கடையில் டியூபைப் பார்ப்பார்களே, அதே மாதிரி. குமிழி வந்தால் கசிகிறது என்று அர்த்தம். எல்லாச் சூட்சுமமும் பின் மடங்கும்போது விடுகிற இடைவெளியில் இருந்தது. இறுக்கினால் குடல் நசுங்கிச் செத்துப்போகும். தளர்த்தினால் ஒழுகும். நகர்த்தி நகர்த்தி இரண்டு மில்லிமீட்டரில் கொண்டுவந்து நிறுத்தினாள். அதன்பிறகு நாற்பது முறை அடித்தாள். நாற்பது முறையும் ஒரு குமிழி இல்லை.

சோதனை நாளன்று குடலைச் சர்ஜன் அம்மாவே ஏற்பாடு செய்திருந்தாள். அறுத்து ஒரு மணி நேரம்கூட ஆகாதது. குழுவிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். சர்ஜன் அம்மா கையுறை மாட்டிக்கொண்டு முதல் வளையத்தை அடித்தாள். தொட்டியில் அமுக்கினாள். சரசரவென்று குமிழி. இரண்டாவதிலும் குமிழி. மூன்றாவதற்குக் காற்றடிப்பதற்குள் ஒரு பக்கம் வாயைப் பிளந்துவிட்டது.

"நல்ல முயற்சி" என்று குழுவில் ஒருவர் ஃபைலை மூடினார். இந்த 'நல்ல முயற்சி' இருக்கிறதே, அதைவிடக் கன்னத்தில் ஒன்று வைத்திருக்கலாம்.

சர்ஜன் அம்மா மட்டும் போகாமல் நின்றாள். "தப்பு கருவியிலயா, என் கையிலயான்னு எனக்குத் தெரியல அக்கா. தெரியாம ஒரு மனுஷன் வயித்துக்குள்ள வைக்க மாட்டேன்."

ஜிப்பக்கா பதில் பேசவில்லை. அவள் பேசாமல் நின்றதை ஆஸ்பத்திரி பார்த்தது அன்றைக்குத்தான்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் கணவர், "விடு. எனக்குப் பையோட பழகிப்போச்சு" என்றார்.

"எனக்குப் பழகல!" என்று கத்தினாள். "நீங்க என்னப் பாத்துச் சிரிச்சு ரெண்டு வருஷம் ஆகுது, தெரியுமா உங்களுக்கு?" கத்திவிட்டு அடுப்படிக்குப் போய் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். அவர் வாசல்படி வரைக்கும் வந்தார், உள்ளே வரவில்லை.

மறுநாள் காலை, இனிப் பொட்டலம் வேண்டாம் என்று சொல்வதற்காகக் கொழுந்தன் கடைக்குப் போனாள். அவன் முன்னால் இல்லை. பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். அடுப்பில் பெரிய பானை தளதளவென்று கொதித்தது. கொழுந்தன் குந்தி உட்கார்ந்து, வெந்நீரில் குடலை முக்கி எடுத்து, கத்தியின் முதுகால் வழித்து வழித்து, மறுபடியும் வெந்நீரில் போட்டுக்கொண்டிருந்தான். பக்கத்திலேயே பச்சைக் குடல் ஒரு குவியல் கிடந்தது. மெல்லிசாக, வழவழவென்று, ஈரத்துணி மாதிரி துவண்டு.

"என்ன பண்றீங்க தம்பி?"

"உங்களுக்குத்தான் அண்ணி, சுத்தம் பண்றேன்."

"எத்தன நாளா இப்படி வெந்நீர்ல போடுறீங்க?"

"மொத நாள்லேர்ந்து! பச்சையா கொடுத்தா வீச்சம் அடிக்கும்ல? நீங்க கஷ்டப்படக் கூடாதுன்னு மூணு தண்ணி மாத்துவேன். அதுலயும் நல்லா தடிப்பா இருக்கறதாப் பொறுக்கி எடுத்து..."

ஜிப்பக்கா வெந்ததை ஒரு கையிலும் பச்சையை ஒரு கையிலும் எடுத்தாள். வெந்தது சுருங்கித் தடித்து ரப்பர்போல நின்றது. பச்சை அதில் பாதித் தடிமன்கூட இல்லை. எட்டு மாதமாக அவள் அளந்து அளந்து வைத்த இடைவெளி அவித்த குடலுக்கு வைத்த இடைவெளி. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, இங்கே பிடித்தவளுக்கே அது குரங்கு என்று தெரியவில்லை.

"தம்பி, உங்க அண்ணன் வயித்துல இருக்கறது வெந்த குடலா, பச்சைக் குடலா?"

அவன் விழித்தான். விஷயம் மெல்ல மெல்ல உள்ளே இறங்கியது. கத்தியைக் கீழே போட்டுவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டான். அந்தத் தடி உடம்பு குலுங்கிக் குலுங்கி அழுதது. "அண்ணனுக்காகத்தானே அண்ணி... நல்லதுன்னு நெனச்சுத்தானே..."

திட்டலாம் என்று வாயைத் திறந்தவளுக்குத் திட்டு வரவில்லை. கேட்காத தப்பு அவளுடையது. "எந்திரிங்க. மூஞ்சக் கழுவுங்க. அந்தப் பச்சைய அப்படியே ஒரு பையில போட்டுத் தாங்க. இனிமே என் கண் முன்னால தண்ணியக் காய வச்சீங்க, அந்தப் பானையிலயே உங்களப் போட்டுடுவேன்."

நேரே சர்ஜன் அம்மா அறைக்குப் போய் நின்றாள். "மேடம், தப்பு கருவியில இல்ல, உங்க கையிலயும் இல்ல. குடல்ல!"

கதையைக் கேட்டுச் சர்ஜன் அம்மா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து ஓய்ந்ததும் ஒன்று சொன்னாள்: "ஆனா அக்கா, மனுஷக் குடலும் ஆளுக்கு ஆள் மாறும். வீங்கியிருக்கும், மெலிஞ்சிருக்கும். ஒரே இடைவெளி எல்லாருக்கும் சரிவராது."

எந்தத் துணிக்கு எந்த ஜிப் என்று பதினேழு வருடம் பார்த்தவளுக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டுமா? இரண்டே மாதத்தில் கருவியின் பிடியில் ஒரு திருகு ஏறியது, பக்கத்தில் ஒரு சின்ன ஜன்னல், ஜன்னலுக்குள் ஒரு சிவப்புக் கோடு. உள்ளே கவ்வியிருக்கும் குடல் எவ்வளவு தடிமனோ, கோடு அங்கே வந்து நிற்கும். அதற்குத் தக்கபடி திருகை வைத்துவிட்டு அழுத்தினால் போதும். வெந்நீர்க் கூத்து நடக்காமல் இருந்திருந்தால் அந்தத் திருகே வந்திருக்காது என்று சர்ஜன் அம்மா பிற்பாடு எல்லோரிடமும் சொன்னாள். கொழுந்தன் அதைக் கேட்டுவிட்டு, கருவியில் பாதி தன்னுடையது என்று கடையில் உட்கார்ந்து சொல்லத் தொடங்கினான். அவனை யார் அடக்குவது!

இரண்டாம் சோதனையில் பன்னிரண்டு வளையம். ஒரு குமிழி இல்லை. 'நல்ல முயற்சி'க்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் தொட்டியை மறுபடி பார்த்தார். அதன்பிறகு கால்நடை ஆஸ்பத்திரியில் சோதனை, ஆய்வகத்தில் சோதனை, அனுமதி, அனுமதிக்கு அனுமதி. ஒன்றரை வருடம் ஓடியது. ஜிப்பக்கா ஒவ்வொரு அலுவலகத்திலும் போய் உட்கார்ந்தாள். அவளை எழுப்பி அனுப்புவதற்காகவே சிலர் கையெழுத்துப் போட்டார்கள்.

முதல் ஆளாக என் வயிற்றைத் திறங்கள் என்று கணவர் அடம்பிடித்தார். சர்ஜன் அம்மா முடியாது என்றாள். "மொத ஆள் உங்க வீட்டாளா இருக்கக் கூடாது. கோடு எங்க நிக்குதுன்னு பாக்காம, அக்கா மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிப்பேன்."

அவர் பதினான்காவது ஆள். முந்தின பதின்மூன்று பேரும் நல்லபடியாக வீட்டுக்குப் போயிருந்தார்கள். ஆனால் தன் வீட்டு ஆள் உள்ளே இருக்கும்போது பதினான்காவது என்ன, நூறாவது என்ன? பதற்றத்தில் எதையாவது பிரித்து நோண்டப் போய்விடுவாள் என்று, அன்றைக்குப் பட்டறையைப் பூட்டச் சொல்லிச் சாவியைச் சர்ஜன் அம்மா வாங்கி வைத்துக்கொண்டாள். நான்கு மணி நேரம் கழித்து வெளியே வந்து, "சேத்தாச்சு. காத்தடிச்சுப் பாத்தேன், கசியல. ஆனா இனிமே சொல்ல வேண்டியது நான் இல்ல, குடல். காத்துப் பிரியணும். அதுவரைக்கும் காத்திருங்க" என்றாள்.

முதல் நாள் பிரியவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. கொழுந்தன் வார்டு வாசலில் நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரி, "அண்ணி, அண்ணனுக்குப் பிரிஞ்சுதா?" என்று மணிக்கொரு தரம் கேட்டான். மூன்றாம் நாள் அவர் வயிறு உப்பியது. லேசாகக் காய்ச்சல் வேறு. ஜிப்பக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பின் ஒவ்வொன்றும் அவள் கை வைத்துச் செய்த அச்சில் வந்தது. ஏதாவது ஆயிற்றென்றால் குடலைச் சேர்த்தவளும் அவளே, ஆளைக் கொன்றவளும் அவளே. அவள் கடவுளிடம் எதுவும் கேட்டுப் பழகாதவள். அன்றைக்கு வார்டு சுவரிடம்கூடக் கேட்டாள்.

நான்காம் நாள் சாயங்காலம் அவர் முகம் ஒரு மாதிரியானது. "ஏய், அந்தக் கதவக் கொஞ்சம் சாத்து" என்றார்.

"என்னங்க? வலிக்குதா? டாக்டரக் கூப்பிடவா?"

"சாத்துன்னா சாத்தேன்!"

சாத்தினாள். அவள் கட்டிலுக்குத் திரும்பி வருவதற்குள் கேட்டுவிட்டது. சின்னச் சத்தம் என்று சொல்ல முடியாது. பக்கத்துக் கட்டில் ஆள் போர்வையை விலக்கி எட்டிப் பார்த்தார்.

கணவர் காது வரைக்கும் சிவந்துபோய்க் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க, இன்னொரு தடவ" என்றாள் ஜிப்பக்கா.

"இதென்ன கச்சேரியா, ஒன்ஸ்மோர் கேக்குற?" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். தையல் வலிக்கிறது என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டும் சிரித்தார். நர்ஸ் ஓடி வந்தாள். விஷயத்தைக் கேட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறிப்பேட்டில் மணியை எழுதினாள்.

"இதெல்லாமா எழுதுவீங்க?" என்று கேட்டார் அவர்.

"இதத்தான் சார் மொதல்ல எழுதுவோம்."

நர்ஸ் போனதும் ஜிப்பக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். மூக்கும் கண்ணும் ஒழுக, சட்டையெல்லாம் நனைய அழுதாள். அவர் நகரவில்லை.