தங்கச்சியை ஒருவரும் கேட்கவில்லை

அம்மா செத்த முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு என் தங்கச்சி வந்து சேர்ந்தபோது பந்தியும் முடிந்திருந்தது. "பஸ்ஸிலை ஏதோ யோசிச்சுக்கொண்டு வந்து இறங்க மறந்துபோனன் அக்கா" என்றாள்.

சனத்துக்கு முன்னால் நான் கத்தினேன். "பெத்த தாயிலை அக்கறை இருந்தால் மறப்பியோ?"

அதன் பிறகு நான்கு வருடம் அவளோடு நான் கதைக்கவில்லை.

போன வருடம் என் மகளை வைத்தியரிடம் கூட்டிப்போனேன். வகுப்பில் ஓரிடத்தில் இருக்கமாட்டாள், சொன்னது நினைவிருக்காது என்று ரீச்சர் முறைப்பட்டிருந்தார். மகளோடு நெடுநேரம் கதைத்த வைத்தியர், "உது அக்கறையில்லாத தனம் இல்லையம்மா. கவனக் குறைபாடும் மிதமிஞ்சின துடிதுடிப்பும் சேர்ந்த ADHD எண்ட நிலை. பரம்பரையாயும் வரும். உங்கடை குடும்பத்திலை வேறை ஆருக்கும் இருக்கோ?" என்று கேட்டார்.

எனக்குத் தங்கச்சி தொலைத்த குடைகள், பாதியில் விட்ட படிப்பு, அந்த பஸ் எல்லாம் நினைவுக்கு வந்தன.

மறுநாளே மானிப்பாயில் தனியாக இருந்த அவளிடம் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"என்னிலை ஏதோ பிழை எண்டு சின்னனிலையே தெரியும் அக்கா. எல்லாரும் ஏசினவை. ஏன் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை."

மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை" என்றாள்.

அவளுக்கும் அதுதான் என்று வைத்தியர் சொன்னார். இப்போது மகளையும் அவளையும் கிளினிக்குக்கு நானே கூட்டிப்போகிறேன். ஆனாலும் தங்கச்சி என்னோடு ஒரு விருந்தாளியோடு கதைப்பதுபோலத்தான் கதைக்கிறாள். சொந்த வீட்டுக்குள்ளேயே அவ்வளவு காலம் தனியாக விட்ட ஒருத்தியை ஒரு மன்னிப்பால் திரும்பக் கூட்டிவர முடியவில்லை.