ஐ இல்லை, மீ

சங்கமித்ரா ராயபுரத்தில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் போன் எடுக்கிறவள். சரக்கு எப்போது வரும், கன்டெய்னர் எங்கே நிற்கிறது என்று கேட்பவர்களுக்குத் தமிழில் பதில் சொல்வது அவள் வேலை. இங்கிலீஷில் கேட்பவர்களுக்கு மாடியில் தனி செக்ஷன், நல்ல சம்பளம். புருஷன் வரதன் எண்ணூரில் டிரெய்லர் ஓட்டிய காலத்தில் அவள் அந்த மாடியை நினைத்ததே இல்லை. மழையில் வண்டி கவிழ்ந்து அவனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போன பிறகுதான் இன்டர்வியூவுக்குப் போனாள்.

வீட்டில் யார் யார் என்று கேட்டார்கள். "மீ அண்ட் மை ஹஸ்பண்ட்" என்று ஆரம்பித்தாள்.

"மை ஹஸ்பண்ட் அண்ட் ஐ," என்று திருத்தினார் மேனேஜர் அம்மா. "தன்னை முதல்ல சொல்லிக்கக் கூடாதும்மா."

நானும் என் புருஷனும் என்றுதான் பிறந்ததிலிருந்து சொல்லி வந்திருக்கிறாள். அதில் என்ன திமிர் இருக்கிறது என்று அவளுக்கு விளங்கவில்லை. வேலை கிடைக்கவில்லை.

தண்டையார்பேட்டையில் மேத்யூ சார் நடத்தும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தாள். "மரியாதையா பேசணுமா, எப்பவும் கடைசியில ஐ. மீ உன் வாயிலயே வரக் கூடாது," என்றார் அவர். பஸ்ஸில் "மை ஹஸ்பண்ட் அண்ட் ஐ" என்று முணுமுணுத்தாள். வரதனைப் புரட்டி முதுகு துடைக்கும்போதும் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"இன்னாமே, எந்நேரமும் நம்ம ரெண்டு பேரையும் கோத்துகினே கீற?" என்று சிரிப்பான் அவன். அந்த நாட்களில் வீட்டில் கேட்ட சிரிப்பு அது ஒன்றுதான்.

இரண்டாம் இன்டர்வியூ நன்றாகவே போனது. நைட் ஷிப்ட் வர முடியுமா, கணவருக்கு எப்போது சரியாகும் என்று மேனேஜர் அம்மா அக்கறையாகவே கேட்டார்.

"தி டாக்டர் டோல்ட் மை ஹஸ்பண்ட் அண்ட் ஐ, ஹி வில் நாட் வாக் அகெய்ன்."

ஆஸ்பத்திரியில் இருவரையும் வைத்துக்கொண்டு டாக்டர் சொன்னது அது. அதற்குப் பிறகு வீட்டில் இருவரும் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. இப்போதுதான் முதல் தடவையாக அவள் வாயிலிருந்து வந்தது.

"ஹஸ்பண்ட் அண்ட் மீ," என்றார் அந்த அம்மா மெல்ல. வேண்டுமென்றே சொல்லவில்லை, பழக்கத்தில் வந்துவிட்டது.

"சாரி மேடம்," என்றாள் சங்கமித்ரா. பிறகு அந்த வாக்கியத்தை மறுபடி முழுதாக, சரியாகச் சொன்னாள்.

மேத்யூ சார் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "தப்பு என்னுதும்மா. கூட இருக்கிறவரை எடுத்துட்டுச் சொல்லிப் பாத்திருக்கணும். டோல்ட் ஐன்னு வருமா? டோல்ட் மீ. அப்ப அவர் இருந்தாலும் மீதான்."

அன்று அடுப்படியில் நின்று சொல்லிப் பார்த்தாள். புருஷனோடு ஒரு தடவை, புருஷன் இல்லாமல் ஒரு தடவை. தி டாக்டர் டோல்ட் மீ.

"இன்னா, என்னக் கயட்டி வுட்டியா?" என்றான் வரதன் கட்டிலிலிருந்து.

"பாடம்யா அது. தப்பா நெனைக்காத."

"நானு இல்லாங்காட்டி கரெக்டா வருதுல்ல?" என்றான். சிரிக்க முயன்றான், குரல் உடைந்துவிட்டது. சுவர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

காலையில், "என்ன திருவொத்தியூர்ல அம்மா வூட்ல வுட்டுடு. நீ நைட் ஷிப்ட் போவலாம்," என்றான். அவள் கத்தினாள், அழுதாள், காலைப் பிடித்தாள். அவள் பிடித்தது அவனுக்குத் தெரியவில்லை. அவன் சாப்பிட மறுத்துக் கிடந்தான். கடைசியில் அவன் தம்பி வேன் கொண்டு வந்து தூக்கிப் போனான்.

மாடி வேலைக்கு வேறொரு பெண்ணை எடுத்துவிட்டதாக அந்த வாரமே சொல்லி அனுப்பினார்கள். அதை அவள் வரதனிடம் சொன்னபோது, "அடுத்த தபா கெடைக்கும்," என்றான். திரும்பி வருகிறேன் என்று அவன் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் குழம்பு எடுத்துக்கொண்டு திருவொற்றியூர் போகிறாள். தட்டில் அவன் கை வைப்பதில்லை, மாமியார் ஊட்டிவிடுகிறார். அவன் மென்றுகொண்டே மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்துக் கிடக்கிறான். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று மாமியார்தான் அவளுக்கு நினைவுபடுத்துகிறார்.