தட்டி விழுந்த பெரிய வெள்ளி

முத்தையாபுரத்தில் எங்கள் எதிர்வீட்டுக்காரர் புதுக் கதவுக்கு வார்னிஷ் அடிக்கிறார். இரண்டு நாளாகத் தெருவெல்லாம் அந்த நெடி. மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு சன்னலைச் சாத்துகிறாள். அவள் அந்தப் பக்கம் போனதும் நான் திறந்துவிடுகிறேன். எனக்கு அது மாதாவின் மணம். சொன்னால் சிரிப்பீர்கள். தருவைகுளத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் எங்கள் ஊரில், தவக்காலம் வந்தால் வியாகுல மாதாவின் மரச் சுரூபத்துக்கு வார்னிஷ் பூசுவார்கள். பெரிய வெள்ளிக்கிழமை பாஸ்காவுக்காக.

பாஸ்கா என்றால் இன்று மாதிரி ஆட்கள் வேடம் கட்டி நடிப்பதல்ல. இயேசுவின் பாடுகளைச் சுரூபங்களை வைத்தே நடத்துவோம். மேடைக்கு அடியில் பள்ளம் தோண்டி, அதற்குள் இரண்டு ஆண்கள் குனிந்திருந்து கயிற்றை இழுத்தால் மாதாவின் கை மேலே போகும், தலை லேசாகச் சாயும். அவ்வளவுதான் அவளால் முடியும். அழுகையும் புலம்பலும் ஓலைத் தட்டிக்குப் பின்னாலிருந்து வர வேண்டும். அந்தக் குரல் நான்.

படிப்பு எனக்கு மூன்றாம் வகுப்போடு சரி. கோயில் உபதேசியார் வரி வரியாகப் படித்துக் காட்டுவார்; இரண்டு தரம் கேட்டால் போதும், பிடித்துக்கொள்வேன். அது பெரிய காரியமில்லை. என் உடம்பு சும்மா இருக்காது, அதுதான் காரியம். சங்கு குளித்துக் கரையேறும் ஆண்கள் ஒவ்வொருவரும் காதுக்குள் போன தண்ணீரை எப்படித் தலையைச் சாய்த்துத் தட்டுவார்கள் என்று கருவாட்டுக் களத்தில் நடித்துக் காட்டுவேன். பெண்கள் சிரிக்கிற சிரிப்பில் கூடையைக் கீழே வைத்துவிடுவார்கள். என் அப்பாவைக்கூட விட்டதில்லை. பிறக்கும்போதே எனக்குள் ஒரு நாடகக்காரி இருந்தாள் என்று நானே சொல்லிக்கொள்வேன். வேறு யார் சொல்லப்போகிறார்கள்?

உபதேசியாரிடம் ஒரு தரம் கேட்டேன்.

"தட்டிய எடுத்துட்டு நான் ஓரமா நின்னு அழுதா என்ன?"

"ஏளா, மாதாவுக்குப் பக்கத்துல நீ நின்னா சனம் யாரப் பாக்கும்?"

என்னைத்தான் பார்க்கும். அதற்காகத்தானே கேட்டேன்.

தட்டிக்குப் பின்னால் முழங்காலில் நின்று, முடியை அவிழ்த்துவிட்டு, மார்பில் அறைந்து அழுவேன். பார்க்க ஒரு பூனைகூட இருக்காது. அந்தப் பக்கம் சனம் மரமுகத்தைப் பார்த்துத் தேம்பும். எனக்கு வந்த கண்ணீரில் துக்கம் பாதி, ஆத்திரம் பாதி.

எனக்குக் கல்யாணமான மறு வருசம், சிலுவையிலிருந்து இறக்கிய மகனை மாதா மடியில் கிடத்துகிற இடம். மாதாவின் இரண்டு கையும் மேலே போன நேரத்தில் கடல்காற்று ஒரு தூக்குத் தூக்க, தட்டியின் கட்டு அறுந்தது. ஓரத்தில் நின்ற உபதேசியாரின் தலைமேலேயே தட்டி சாய்ந்தது. தட்டி தானாகத்தான் விழுந்தது, சத்தியம் பண்ணுவேன். எழுந்து முன்னால் வந்தது நான்தான். ஒதுங்கிப் போயிருக்கலாம். நாலு எட்டு வைத்து, சுரூபத்துக்கு முன்னால் நின்று, விட்ட வரியிலிருந்து தொடர்ந்தேன். பள்ளத்தில் இருந்தவர்களுக்கு மேலே நடப்பது தெரியாது. அவர்கள் பாட்டுக்கு என் முதுகுக்குப் பின்னால் மாதாவின் கையை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார்கள். கூட்டம் என்னைத்தான் பார்த்தது. பக்கத்து வீட்டு ரோஸ்லின் அக்கா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். சொந்த மாமியார் சாவுக்கே அழாதவள்.

அடுத்த நாள் ஊர்ப் பெரியவர்கள் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "ஒம் பொண்டாட்டி மாதாவையே மறைச்சிட்டாள்லா" என்றார்கள். அவர் வீட்டுக்கு வந்து சோறு கேட்டார். கை கழுவிய பிறகுதான், "கொரலு கடைசி வரிசை வரைக்கும் வந்துது" என்றார்.

மறு வருசம் உபதேசியார் டேப் ரிக்கார்டரோடு வந்தார். "ஒங் கொரலப் பத்திரப்படுத்தணும்னு பங்குச்சாமி சொல்லுதாவ." சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பூசை உடுப்பு வைக்கும் அறையில், அந்தப் பெட்டிக்கு முன்னால் முழங்காலில் நின்று, முடியை அவிழ்த்துவிட்டு, மூன்று தரம் அழுதேன். பெட்டிக்குக் கண் இல்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை. முடிந்ததும் அவர் பட்டனை அமுக்கிவிட்டு, "இனி ஒனக்கு அலைச்சல் இல்ல. கூட்டத்தோட இருந்து நிம்மதியாப் பாரு" என்றார்.

பார்த்தேன். என் குரல் ஒலிபெருக்கியில் அழ, மணலில் உட்கார்ந்து பார்த்தேன். புலம்பல் ஏறும்போது கை தானாக எழும். ரோஸ்லின் அக்கா பிடித்து இழுத்து மடியில் வைப்பாள்.

"கைய மடக்கு, ஏளா. அங்கன மாதா தூக்குதாவ, இங்கன நீ தூக்குத. சனம் எதப் பாக்கும்?"

கேசட் தேய்கிற வரைக்கும், வருசா வருசம் இதேதான். பிறகு யாரோ பட்டணத்துப் பாட்டுக்காரி குரலை வாங்கி வந்து போட்டார்கள். அது அழுகையே இல்லை, ஜலதோஷம்.

இப்போது அந்தச் சுரூபம் கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கிறது. பெண்பிள்ளைகள் கன்னத்தில் மைக்கை ஒட்டிக்கொண்டு மேடையில் நின்றே நடிக்கிறார்கள். நன்றாகத்தான் செய்கிறார்கள், கொஞ்சம் சீக்கிரம் அழுதுவிடுகிறார்கள். எனக்கு முட்டி மடங்காது.

நான் மேடையில் நின்ற கதையைச் சொன்னால் பேத்தி, "போட்டோ இருக்கா ஆச்சி?" என்பாள். "ஊர்ல போய் ரோஸ்லினக் கேளு" என்பேன். உபதேசியாரும் என் வீட்டுக்காரரும் எப்போதோ போய்விட்டார்கள். ரோஸ்லின் அக்காவையும் இந்தத் தவக்காலத்துக்கு முன்னால் அடக்கம் பண்ணிவிட்டு வந்தோம்.

போன வாரம் பேத்தி மறுபடி கேட்டாள். "நெசமாவே நின்னீங்களா ஆச்சி?"

யாரைக் கேட்கச் சொல்வது என்று ஊரில் ஒவ்வொரு வீடாக நினைத்துப் பார்த்தேன். ஒரு முகமும் வரவில்லை.

"நின்னேன்" என்றேன். நல்ல சத்தமாகச் சொன்னதாகத்தான் நினைத்தேன்.

"என்ன சொன்னீங்க?" என்றாள், பக்கத்தில் இருந்துகொண்டே.