தேவகுமாரியக்காவின் கல்யாணப் பைகள்

தேவகுமாரியக்காவுக்குக் கிறுக்குன்னு எங்கிட்ட வந்து யாராச்சும் சொன்னா, பஜ்ஜிக் கரண்டியோட எந்திரிச்சு வருவேன். முன்னாடியே சொல்லிடறேனுங்க. ஏற்காடு ஏரி ரோட்டுல என்ற மிளகா பஜ்ஜிக் கடை, ஒட்டுனாப்புல அந்தக்காவோட பழக் கடை. எம்பேரு தனலட்சுமி. சேலத்துல இருந்து கண்ணாலமாகி மலையேறி வந்தவ. வந்த நாள்ல இருந்து வெயிலோ மழையோ, ஆளுக்கு ஆள் தெரியாத பனியோ, ஒருத்தர் சத்தத்தை ஒருத்தர் கேட்டுக்கிட்டேதான் ஏவாரம் பண்றோம். அதனால அவங்களைப் பத்திப் பேச எனக்குத் தகுதி இருக்குது.

அக்கா கண்ணாலப் பை சேக்கறவங்க. கண்ணாலத்துல சாப்புட்டுக் கெளம்பறப்ப, தேங்காயும் வெத்தலை பாக்கும் போட்டு வாசல்ல கையில குடுப்பாங்களே, அந்தப் பை. பொண்ணு பேரு, மாப்பிள்ளை பேரு, மண்டபம், தேதி எல்லாம் அடிச்சிருக்கும். நீங்களும் நானும் நாலு தடவை அதுல தக்காளி வாங்குவோம், அப்பறம் அது அடுப்பு மேடை தொடைக்கற துணியாயிரும். அக்கா அதை நீவி மடிச்சுத் தகரப் பெட்டியில வெப்பாங்க. ஒரு பை மாதிரி இன்னொண்ணு இருக்காது. அதுல ஒரு பொருளு எடுத்துட்டுப் போக மாட்டாங்க, ஒரு கருவேப்பிலை கூட.

பிளாஸ்டிக் கவரை நிறுத்துனாங்க பாருங்க, அப்பப் புடிச்சுது அக்காவுக்கு யோகம். காருல வர்ற சனமெல்லாம் ஊட்டுல கெடந்த கண்ணாலப் பையத் தூக்கிட்டு வர ஆரம்பிச்சாங்க. காரைக்குடிப் பை, நாகர்கோவில் பை, வாணியம்பாடிப் பை, அத்தனையும் ஏரி ரோட்டுல நடக்குது. அக்காவுக்குக் கண்ணு பழத்து மேல இருக்காது, வர்றவங்க கையிலதான் இருக்கும். "ஏனுங்க, அந்தப் பை எனக்குக் குடுப்பீங்களா? மாத்துப் பை தர்றேனுங்க, மேல ரெண்டு கொய்யாவும் போடறேன்." பாதிப் பேரு சிரிச்சுக்கிட்டே குடுத்துருவாங்க. ஒரு மதுரைக்காரம்மா பைய நெஞ்சோட சேத்துப் புடிச்சுக்கிட்டு ஓடியே போயிட்டாங்க, பாவம், அதுக்குள்ள பர்ஸு இருந்துச்சாம். எதுக்குங்க சேக்கறீங்கன்னு கேட்டா அக்கா ஒரே வார்த்தைதான் சொல்லுவாங்க: "புடிச்சிருக்குதுங்க."

ஞாயித்துக்கெழமை மாதா கோயில்ல பூசை முடிஞ்சு வந்ததும் நாகலூர்ல அவங்க ஊட்டு வாசல்ல கவுறு கட்டுவாங்க. இந்த மலை ஈரத்துக்குத் துணி சும்மா இருக்குமா, பூசணம் புடிச்சுரும். அதனால வெயில் கண்ணக் காட்டுனா ஒடனே பையெல்லாம் கவுத்துல ஏறிரும். மத்தியானத்துக்கு மேல எனக்குச் சாயங்காலம் கடை தொறக்கற வரைக்கும் வேலை கெடையாது, பஸ் ஏறிப் போயிருவேன். ரோஸு வெல்வெட்டு, சணல், ஜிப்பு வெச்சது, முத்துக் கோத்தது. பிள்ளையாரு, சிலுவை, பிறை எல்லாம் ஒரே கவுத்துல ஆடும். ஒரு பையில பிரஸ்ஸுக்காரன் தலைகீழா அடிச்சுட்டான், பையோட காதைப் புடிச்சுத் தூக்குனா பிள்ளையாரு தலையில நிப்பாரு. இன்னொண்ணுல மாப்பிள்ளை பேரு மேல மட்டும் துண்டுத் துணி ஒட்டி, வேற பேரு எழுதியிருக்குது. "கடைசி நேரத்துல ஆளு மாறிட்டான் தனம்"னு அக்கா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க. அந்தத் துணியப் பிரிச்சு அடியில என்ன பேருன்னு பாக்கலாம்னு நான் எத்தனையோ தடவ கெஞ்சியிருக்கேன். தொட விட மாட்டாங்க.

இப்ப ஊர் வாய்க்கு வர்றேன். அக்கா கண்ணாலம் பண்ணிக்கல. அம்பதத் தொடப் போறாங்க. கண்ணாலமாகாத பொம்பளை கண்ணாலப் பை சேக்கறான்னா ஊரு சும்மா இருக்குமா? ஏக்கமாம். மனசுல ஆறாத புண்ணாம். ஒருத்தி அவங்க காதுபடவே "உனக்காக ஜெபம் பண்றேன் தேவகுமாரி"ன்னு உச்சுக் கொட்டுனா. அக்கா பழத்தை அடுக்கிக்கிட்டே, "ஏக்கமா இருந்தா மாப்பிள்ளையத் தேடியிருப்பேனுங்க, பைய எதுக்குத் தேடறேன்?"னாங்க. தம்பியப் படிக்க வெக்கத் தியாகம் பண்ணுனாங்கன்னு நீங்களும் கதை கட்டிராதீங்க. தம்பி தேவசிகாமணி அவனே படிச்சான், அவனே எஸ்டேட்டுல கணக்கு எழுதற ரைட்டரானான். அக்காவுக்குக் கண்ணாலம் வேண்டாம்னு தோணுச்சு, வேண்டாம்னாங்க. அவ்வளவுதான் கதை.

போன ஐப்பசியில அந்தத் தேவசிகாமணி பொண்ணு ஜோஸ்லினுக்குக் கண்ணாலம். மாப்பிள்ளை ஸ்டெபின், தலைச்சோலைக்காரப் பையன். அக்காவுக்கு ஜோஸ்லின் மேல உசிரு. தன் கழுத்துச் சங்கிலியவே கழட்டிப் போட்டாங்க, யாரும் கேக்கல. மாப்பிள்ளை ஊட்டுல சீரு செனத்தி ஒண்ணும் கேக்கல, ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க: வர்ற ஒறம்பரை சனத்தை வெறுங்கையோட அனுப்பக் கூடாது, பை மட்டும் பளிச்சுன்னு இருக்கோணும். தேவசிகாமணி பொண்டாட்டி சகாயமேரி, "பையில எங்க ஊட்டுல குறை வருமா?"ன்னு ஜம்பமா சொல்லிட்டு, சேலத்துல ஒரு பிரஸ்ஸுல ஆர்டர் குடுத்தா.

கண்ணாலத்துக்கு மொத நாளு மழை ஊத்து ஊத்துன்னு ஊத்துச்சு. மலைப் பாதையில மண்ணு சரிஞ்சுது. மாத்துப் பாதை குப்பனூர் ரோட்டுலயும் மரம் உழுந்துது. பையெல்லாம் கீழேயே மாட்டிக்கிச்சு. ஏற்காட்டுக் கடையில தேடுனா நாலஞ்சு பேப்பர் கவரு கெடைக்குது. நான் நாகலூர்ல கண்ணால ஊட்டுல வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தேன். எல்லாம் என் கண்ணு முன்னாலதான் நடந்துச்சு.

சகாயமேரி நேரா மாப்பிள்ளை ஊட்டுக்குப் போனைப் போட்டா. "கவலைப்படாதீங்க சம்மந்தி, எங்க அண்ணி பொட்டி பொட்டியாப் பை வெச்சிருக்காங்க, உள்பக்கத்தை வெளிய திருப்பிட்டா எவன் பேரும் தெரியாது, ஜம்முன்னு இருக்கும்"னா. சொல்லிட்டாளுங்க. அக்காகிட்ட ஒரு வார்த்தை கேக்கல. ஊட்டுல உப்பு இருக்குதுன்னு சொல்ற மாதிரி சொல்லிட்டா. போனை வெச்சுட்டு அதுக்கப்பறம்தான் புருசனைக் கூட்டிக்கிட்டுப் பக்கத்துல இருக்கற அக்கா ஊட்டுக்குப் போனா. நானும் கத்தியோட பின்னாலயே போனேன். நல்லதுக்குத்தான் போனேன்.

அக்கா எல்லாத்தையும் பொறுமையாக் கேட்டாங்க. "கடையில மாத்துறதுக்கு வெச்சிருக்கற வெறும் துணிப்பை இருக்குது, மொத்தத்தையும் எடுத்துக்க"ன்னாங்க.

"அது அம்பது பேருக்குக் கூட ஆகாது அண்ணி. பெட்டியத் தொறங்க."

"பெட்டி வேண்டாம் மேரி."

"கண்ணாலம் முடிஞ்சு நாலு பேருகிட்டத் திருப்பி வாங்கித் தர்றேன்."

"தேங்காத் தண்ணி பட்டு, கசங்கி, உள்ள வெளிய திருப்பி வர்றதுக்குப் பேரு பையா? வேண்டாம்னா வேண்டாம்."

தேவசிகாமணி அது வரைக்கும் தரையப் பாத்துக்கிட்டு இருந்தான். இப்பத் தலையத் தூக்குனான். "சங்கிலியக் கழட்டிப் போட்டவ, துணிப்பையக் குடுக்க மாட்டியாக்கா?"

"சங்கிலி எங்கிட்ட இருந்துச்சு, குடுத்தேன். இது எனக்குப் புடிச்சதுடா."

"உனக்குன்னு என்னக்கா இருக்குது? புள்ளையா குட்டியா? ஜோஸ்லினுக்கு இல்லாத பைய வேற யாருக்குக் குடுக்கப் போற?"

வெங்காயக் கத்திய எங்க வெக்கறதுன்னு தெரியாம கையிலயே வெச்சுக்கிட்டு நின்னேன். அக்கா கத்தல. குரலு கூட ஏறல. "யாருக்கும் குடுக்கறதுக்கு வெக்கலடா. எனக்கு வெச்சிருக்கேன்"னாங்க.

"அப்ப நாளைக்குக் கோயிலுக்கு வராத"ன்னான் தேவசிகாமணி. சொல்லிட்டு அவனுக்கே தூக்கிவாரிப் போட்டிருக்கும், ஆனா திருப்பி எடுக்கல. ஆம்பளைக்கு அந்த வார்த்தை வாயில இருந்து வந்துட்டா அவ்வளவுதான். ரெண்டு பேரும் வெளிய போனாங்க. அக்கா பெட்டி மேல உக்காந்தாங்க. "அக்கா, போனாப் போகுது, பாதியாச்சும் குடுத்துருவமா?"ன்னு கேட்டுட்டேன். என்னைப் பாத்தாங்க பாருங்க ஒரு பார்வை. நான் கத்தியோட வெங்காயத்துக்கே திரும்பிட்டேன்.

மறுநாள் அக்கா நீலப் பட்டு கட்டி, மல்லி வெச்சு, குடையப் புடிச்சுக்கிட்டுக் கோயிலுக்குக் கெளம்புனாங்க. நான் கூடப் போனேன். வாசல்ல தேவசிகாமணி கோட்டு சூட்டோட நின்னு வர்றவங்களைக் கும்புட்டுக்கிட்டு இருந்தான். எங்களைப் பாத்ததும் கை அப்படியே நின்னு போச்சு. "நான் சொன்னது நெனப்பில்லையா?"ன்னான் மெதுவா.

"நல்லா நெனப்பு இருக்குது. கோயில் நம்ம அப்பன் கட்டுனதில்லடா. தள்ளு."

தள்ளுனான். அக்கா முன் வரிசையில, அத்தைக்காரி உக்கார வேண்டிய எடத்துல போயி உக்காந்தாங்க. பொண்ணு உள்ள வர்றப்ப அத்தையப் பாத்து ஒரு சிரிப்புச் சிரிச்சுது, அந்தச் சிரிப்புக்கே இன்னொரு சங்கிலி போடலாம்.

மண்டபத்துல பந்தி முடிஞ்சு சனம் கெளம்பறப்பதான் சகாயமேரி வேலையக் காட்டுனா. வாசல்ல நின்னு ஆளுக்கொரு தேங்காயும் லட்டும் வெறும் கையில குடுக்கறா. குடுக்கறப்பவே ஒவ்வொருத்தர்கிட்டயும் சத்தமா, "பை இல்லாம இல்லீங்க, எங்க அண்ணி பூட்டி வெச்சுக்கிட்டுக் குடுக்க மாட்டேன்னுட்டாங்க"ன்னு ஒப்பாரி. பட்டுச் சேலைக்காரிங்க தேங்காய இடுப்புல இடுக்கிக்கிட்டு, லட்ட முந்தானையில முடிஞ்சுக்கிட்டு, திரும்பித் திரும்பி அக்காவைப் பாக்கறாங்க. கொலைகாரியப் பாக்கற மாதிரி. எனக்கு அந்த லட்டுத் தட்டை எடுத்து மேரி தலையில கவுத்தரலாம்னு வந்துச்சு.

அக்கா தானே எந்திரிச்சு வாசலுக்கு வந்தாங்க. எல்லாருக்கும் கேக்கறாப்புல, "ஆமாங்க, பூட்டித்தான் வெச்சிருக்கேன். ஞாயித்துக்கெழமை மத்தியானம் வெயில்ல போடுவேன். பாக்கோணும்னா ஊட்டுக்கு வாங்க, காப்பி போட்டுத் தர்றேன். பாக்கலாம். கேக்கக் கூடாது"ன்னாங்க. சொல்லிட்டு மேரிகிட்டக் கையை நீட்டுனாங்க. மேரி ஒரு தேங்காயையும் லட்டையும் அந்தக் கையில வெச்சா. வெக்காம என்ன பண்ணுவா, அக்காவும் கண்ணாலத்துக்கு வந்தவங்கதான.

அந்த ஞாயித்துக்கெழமை ஒருத்தரும் வரல. அடுத்த வாரம் ரெண்டு பேரு வந்தாங்க, வேடிக்கை பாக்க. இப்பச் சில பேரு வர்றாங்க, சில பேரு ரோட்டுல பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கறாங்க. தேவசிகாமணி இன்னும் பேசறதில்லைங்க. ஒரே செவுரு ரெண்டு ஊட்டுக்கும், இவங்க இருமுனா அவனுக்குக் கேக்கும், பேச மாட்டான். அக்காக்காரி தன்னைச் சம்மந்தி முன்னால தலை குனிய வெச்சுட்டாளாம். அவனுக்குப் புடிச்ச பலாச்சுளை வந்தா அக்கா இன்னமும் கொஞ்சம் எடுத்துத் தனியா வெக்கறாங்க, சாயங்காலம் அவங்களே திங்கறாங்க. கஷ்டமா இருக்குதாக்கான்னு கேட்டேன். "கஷ்டமாத்தான் தனம் இருக்குது, இல்லாம இருக்குமா? எந்தம்பி"ன்னாங்க.

பாதை சரியாகிப் பை வந்து சேந்தப்பறம் ஜோஸ்லின் தலைச்சோலையில இருந்து ஒண்ணைப் பஸ்ஸுல வர்றவங்ககிட்டக் குடுத்து அனுப்புச்சு. அக்கா பழத்தட்டை ஒதுக்கிட்டு அதைப் பிரிச்சு, வெளிச்சத்துல புடிச்சு, காதை இழுத்துப் பாத்தாங்க. ஊதாக் கலரு. மாப்பிள்ளை பேரைவிட அவரு படிப்பைப் பெருசா அடிச்சிருக்கான். "தையலு மட்டம், கலரு அருமை"ன்னு சொல்லிட்டு அதைத் தடவுனாங்க பாருங்க, மூஞ்சியில அப்படி ஒரு சந்தோசம்.

எனக்கு அப்பத்தான் அத்தனை நாளா உறுத்திக்கிட்டு இருந்ததைக் கேக்கத் தைரியம் வந்துச்சு. சகாயமேரி அன்னிக்கு மட்டு மருவாதியா நடந்திருந்தா, போன் போடறதுக்கு முன்னாடி இவங்ககிட்ட வந்து தாழ்மையாக் கேட்டிருந்தா, இந்தச் சண்டையே வந்திருக்காதுன்னு ஊருல என் கட்சிக்காரங்க கூடப் பேசிக்கறாங்க. நானும் அப்படித்தான் நெனச்சிருந்தேன்.

"ஏனுங்கக்கா, மேரி ஒழுங்காக் கேட்டிருந்தா குடுத்திருப்பீங்கதான?"

அக்கா பைய நாலா மடிச்சாங்க. "கால்ல உழுந்து கேட்டிருந்தாலும் குடுத்திருக்க மாட்டேன் தனம்"னாங்க.