வலது கையில் மகனின் நேரம்

பாகூரிலிருந்து புதுச்சேரி போகும் காலை பஸ்ஸில் அவரைப் பார்ப்பேன். நரைத்த மீசை, இஸ்திரி கலையாத சட்டை, இரண்டு கையிலும் கடிகாரம். இடது கையில் நம்மூர் நேரம். வலது கையில், பிரெஞ்சுப் படையில் சேர்ந்து ஆப்பிரிக்க நாடு ஒன்றில் சண்டைக்குப் போன மகனின் நேரம்.

அப்போது நான் பல்கலைக்கழகத்தில் உலக அரசியல் படித்தேன். முதல் செமஸ்டர் முடிவதற்குள் பாதி உலகத்துக்குத் தீர்ப்பு எழுதிவிட்ட மேதாவி. ஒருநாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த நாட்டுச் சண்டைக்கு மூன்று காரணங்களை பஸ் முழுக்கக் கேட்கும்படி விளக்கினேன்.

"பத்து சோல்ஜர் செத்தா அதெல்லாம் பெரிய சேதமே இல்லைய்யா!"

அவர் வலது கையைப் பார்த்தார்.

"மெதுவா பேசுப்பா. அங்க இன்னும் விடியல. புள்ள தூங்கினு இருப்பான்."

"இங்க கத்துறது அங்க கேக்குமா பெரியவரே?" என்று கண்டக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அந்த மூன்று காரணங்களுக்குப் பரீட்சையில் முழு மதிப்பெண் கிடைத்தது. அதே மாதம் அவர் மகன் பெட்டியில் வந்தான்.

அவர் இன்றும் அதே பஸ்ஸில் வருகிறார். வலது கடிகாரம் அந்த நாட்டு நேரத்திலேயே ஓடுகிறது. ஏன் என்று கேட்க என் படிப்பு போதவில்லை. அவர் இருந்தால் மெதுவாகத்தான் பேசுகிறேன்.