சித்தியின் முறை நாளில் வெந்த காளான்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடம் தள்ளிப்போட்டேன். ஆனால் மொச்சையும் காளானும் சேர்ந்து வேகிற வாசனை எந்த வீட்டிலிருந்து வந்தாலும், ஒன்பது வயதில் எரிந்த அதே வயிறு எனக்கு இன்னும் எரிகிறது. பாதி பசி, பாதி பொறாமை.

ஆரணியில் அப்பாவும் சித்தப்பாவும் ஆளுக்கொரு தறியில் பட்டு நெய்தார்கள். அடுப்பு மட்டும் ஒன்று. ஒருநாள் அம்மா சமைப்பாள், மறுநாள் கண்ணமங்கலத்திலிருந்து வாழ வந்த சித்தி. அம்மாவின் ‘முறை’யில் சோறு, புளிக்குழம்பு, அப்பளம், அவ்வளவுதான். சித்தி முறையில் பூசணி, அவரை, காராமணி என்று குழம்பில் கரண்டி விட்டால் காயில்தான் முட்டும். அவளுடைய அண்ணன் வாரம் தவறாமல் பஸ்ஸில் பை நிறையக் காய் கொண்டுவருவார். "சோத்த தேடித்தான் பொறுக்கணும் போல" என்று அம்மா முணுமுணுப்பாள். அப்பாவோ சித்தி முறையன்று, கூப்பிடுவதற்கு முன்பே தறியை விட்டு வந்து கை கழுவிக்கொண்டு நிற்பார். அம்மா முறையன்று மூன்று தடவை கூப்பிட வேண்டும். அதைக் கவனித்துக் கவனித்து மனதுக்குள் புழுங்கியவள் நான்.

ஒரு இடிமழைக்கு மறுநாள், சித்தியின் அண்ணன் தன் வயலில் முளைத்த காளானைக் கொண்டுவந்து கொடுத்தார். சித்தி அதை மொச்சையோடு சேர்த்து, மிளகு அரைத்து ஊற்றிக் குழம்பு வைத்தாள். அவள் தண்ணீர் எடுக்கப் போன நேரம் சட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். அம்மாவுக்கு இந்த ருசி ஒருநாளும் வராது என்று அப்போதே தெரிந்துபோயிற்று.

அப்பா தட்டின் முன் ஜெபம் செய்து முடித்தார். ஆமென் சொன்ன அதே வாயால் நான் சொன்னேன்: "அப்பா, அந்தக் காளான் சாயக் கால்வா ஓரத்துல இருந்தது. சித்தி புடுங்குனத நான் பாத்தேன்."

சாயப்பட்டறைத் தண்ணீர் ஓடுகிற அந்தக் கால்வாயில் ஆடுகூட வாய் வைக்காது. அப்பா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"ஐயோ மாமா, எங்கண்ணன் வயல்லேர்ந்து எடுத்துகினு வந்தது!" என்று சித்தி கெஞ்சினாள்.

"பச்சப் புள்ள பொய் சொல்லுமா?" என்று அம்மா அத்தனையையும் குப்பைக்குழியில் கொட்டினாள். சாயங்காலத்துக்குள், "சின்ன மருமக வெசம் வெக்கப் பாத்தாளாம்" என்று தெரு பேசியது. சித்தியின் அண்ணன் வருவது நின்றது. சித்தியும் தன் முறையில் புளிக்குழம்பும் அப்பளமுமே வைத்தாள். அப்பா இரண்டு முறைக்கும் மூன்று தடவை கூப்பிட்டால்தான் வந்தார். நான் நினைத்தது நடந்துவிட்டது; என் தட்டிலும் தினம் புளிக்குழம்புதான்.

ஆண்டவரிடம் எத்தனையோ முறை சொல்லி அழுதிருக்கிறேன். சித்தியிடம் சொல்ல வாய் வரவில்லை. எனக்குச் சர்க்கரை வந்த பிறகு, சோற்றைக் குறைத்துக் காயும் பயறும் கூட்டச் சொன்னார் டாக்டர். இப்போது தினமும் சித்தி மாதிரிதான் சமைக்கிறேன். போன மாதம் கடைக் காளானை மொச்சையோடு வைத்து, டப்பாவில் எடுத்துப்போய் அவள் முன் வைத்து, எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் மென்றுகொண்டே, "மொச்சை இன்னும் வேகணும்டி" என்றாள். பிறகு, "அன்னிக்கு நீ பேசுறப்பவே உன் மோவாயில கொழம்பு ஒட்டிகினு இருந்துச்சு" என்றாள்.

"அப்பவே ஏன் சித்தி சொல்லல?"

"உங்கம்மா உன்ன தோல உரிச்சிருப்பா. அதுக்கப்புறம் தெருவுல சொன்னா யாரு நம்புவாங்க? எங்கண்ணன்தான் சாவுற வரைக்கும் அந்த வாசப்படி மெதிக்கல."

டப்பாவை வழித்துச் சாப்பிட்டுவிட்டுத்தான் கொடுத்தாள்.

அம்மாவும் அப்பாவும் உண்மை தெரியாமலே போய்விட்டார்கள். அந்த அண்ணனின் வயலில் இன்று மனைக்கற்கள் நிற்கின்றன. எத்தனை இடி இடித்தாலும் அங்கே காளான் முளைக்காது. என் பொறாமை மட்டும் போகவில்லை. அன்று அவள் குழம்பின் மேல் இருந்தது, இன்று அவள் மனதின் மேல் இருக்கிறது.

இதை யாருக்காவது சொல்வதானால் ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் சொல்லுங்கள். அன்று நான் கால்வாய் என்றுதான் சொன்னேன். தெருமுனை போவதற்குள் அது விஷமாகிவிட்டது.