வெறி என்று நினைத்த காய்ச்சல்

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது அப்பா தள்ளாடினார், வாந்தி எடுத்தார், என்னை அம்மாவின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். உடல் நெருப்பாகக் கொதித்தது.

வெளிநோயாளர் பிரிவில் இருந்த மருத்துவர் அவர் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தையும் வலை இழுத்துக் காய்த்த கைகளையும் பார்த்தார். "எவ்வளவு குடிச்சவர்?" என்று என்னிடம் கேட்டார்.

"குடிக்கேல்லை டொக்டர். இது தவக்காலம். உயிர்ப்பு ஞாயிறு வரைக்கும் அப்பா ஒரு சொட்டும் தொடமாட்டார்."

அருகில் நின்ற தாதி சிரித்தார். "கடலுக்குள்ள ஆர் தங்கச்சி தவக்காலம் பாக்கிறது? அந்த மர வாங்கில படுக்க விடுங்கோ. வெறி முறிஞ்சா எழும்புவார்."

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் முடித்து, தாதியியல் படிப்பவள் நான். அப்பாவின் தலையை மெல்ல முன்னால் வளைத்துப் பார்த்தேன். தாடை நெஞ்சைத் தொடவில்லை. கழுத்து மரமாக விறைத்திருந்தது. குடிவெறியில் கழுத்து இப்படி விறைக்காது.

"வாயை மணந்து பாருங்கோ, இல்லாட்டி கழுத்தைத் தொட்டுப் பாருங்கோ. ரெண்டில ஒண்டையாவது செய்யுங்கோ!" என்று கத்தினேன்.

மருத்துவர் முகம் சுளித்தபடி வந்து தொட்டார். பிறகு என் முகத்தைப் பார்க்கவே இல்லை. இரத்தம் எடுத்து, உடனே ஊசி மருந்து ஏற்றச் சொன்னார். முதுகுத்தண்டில் எடுத்த நீர் கலங்கியிருந்தது. மூளைக்காய்ச்சல்.

அப்பா பிழைத்தார். ஒரு காது கேட்பதில்லை. "விடு பிள்ளை, அவையளும் எத்தினை சனத்தைப் பாக்கிறது" என்கிறார். என்னால் விட முடியவில்லை. அவருடைய தவத்தை நான் சாட்சிக்கு இழுக்க வேண்டியிருந்ததே, அதுதான் இன்னும் எரிகிறது. அவர் உண்மையாகவே குடித்திருந்த ஒரு நாளில் இந்தக் காய்ச்சல் வந்திருந்தால், அந்தக் கழுத்தை யார் தொட்டிருப்பார்கள்?